ஓட்டின் அடியில் 1865... எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு உண்மையில் என்ன வயசு?

இடிக்கப்போகும் ஓட்டுக் கட்டடம், ஓடு சொன்ன ஒரு வருஷம், ஆச்சி சொன்ன இன்னொரு வருஷம். ஒரு வாட்ஸ்அப் சண்டையில் தொடங்கிய தேடல் இது.

எல்லாம் ஒரு குரங்கால் வந்தது.

தூத்துக்குடி மாவட்டத்தில், பனங்காட்டுக்கு நடுவே இருக்கிறது என் அம்மாவின் ஊர். அங்கே இருக்கும் தொடக்கப் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தில் இப்போது வகுப்பு நடப்பதில்லை. பக்கத்திலேயே கான்கிரீட் கட்டடம் வந்துவிட்டது. பழைய கட்டடத்தின் மேல் குரங்குகள்தான் ஓடிப் பிடித்து விளையாடுகின்றன. அப்படி விளையாடியதில் ஓர் ஓடு சரிந்து, உடையாமல் மணலில் விழுந்தது. அதைப் புரட்டிப் பார்த்த யாரோ போட்டோ எடுத்து, ஊர் முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

ஓட்டின் அடியில் ஆங்கிலத்தில் அச்சு: `பாசல் மிஷன் டைல் வொர்க்ஸ் 1865'.

அவ்வளவுதான். குரூப் தீப்பிடித்தது. `நம்ம பள்ளிக்கூடம் 1865-ல் கட்டியதா!', `நூற்றி அறுபது வருஷப் பாரம்பரியம்', `இதைப் போய் இடிக்கப் போறாங்களே'. சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் செய்திகள் குவிந்தன. கட்டடம் பாதுகாப்பற்றது என்று இடிப்புப் பட்டியலில் சேர்ந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. ஓட்டில் ஒரு வருஷத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் பாசம் பொங்கிவிட்டது.

அம்மா அந்த போட்டோவை எனக்கு அனுப்பி, "நீதான் பத்திரிகைல இருக்கியே, இதைப் பத்தி எழுதேன்" என்றாள். எழுதுவதற்கு முன் ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போன் போட்டேன். ஆச்சிக்கு எண்பது வயது. காது நன்றாகக் கேட்கும்.

"ஆச்சி, நம்ம பள்ளிக்கூடம் 1865-ல கட்டினதாமே?"

"எவன் சொன்னான்? நான்லா மண்ணு சுமந்தேன்!"

மறுநாள் இரவே ஊருக்கு பஸ் ஏறினேன்.

அந்த 1865 யாருடைய வயசு?

ஓடு பொய் சொல்லவில்லை. நாம்தான் அதைத் தவறாகப் படித்துவிட்டோம்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கிறிஸ்தவ அமைப்பு பாசல் மிஷன். அதன் சார்பில் வந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர், மங்களூரில் நேத்ராவதி ஆற்றங்கரையில் கிடைத்த களிமண்ணைப் பார்த்து, 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். நம் ஊரில் `சீமை ஓடு' என்றும் `மங்களூர் ஓடு' என்றும் சொல்கிறோமே, அதன் பிறப்பிடம் அதுதான். தொழிற்சாலை தொடங்கிய வருஷத்தையே அவர்கள் ஓட்டில் அச்சாகப் பதித்தார்கள். கடை போர்டில் `நிறுவியது' என்று வருஷம் போடுவதைப் போல. ஆகவே, 1865 என்பது கம்பெனியின் வயசு. கட்டடத்தின் வயசு அல்ல.

உங்கள் தாத்தா வீட்டு ஓட்டிலும் இந்த அச்சு இருக்கலாம். அதை வைத்து வீட்டுக்கு வயது போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம். முதல் உலகப் போரின்போது, ஜெர்மனியோடு தொடர்பு இருந்த காரணத்தால் பாசல் மிஷனின் தொழில்களை ஆங்கிலேய அரசு தன் பிடியில் கொண்டுவந்தது. போருக்குப் பிறகு அவை `காமன்வெல்த் டிரஸ்ட்' என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. எனவே, பாசல் மிஷன் பெயர் பொறித்த ஓடு என்றால் பெரும்பாலும் அந்தக் காலத்துக்கு முந்தையதாகத்தான் இருக்கும்.

இங்கேதான் குழப்பம். ஓடு பழையது. ஆனால், அதன் கீழே உள்ள சுவருக்கு மண் சுமந்தேன் என்கிறார் இன்று உயிரோடு இருக்கும் ஆச்சி. இது எப்படி?

"அது கிட்டங்கி ஓடுட்டி" என்றார் ஆச்சி, வெற்றிலையை மடித்துக்கொண்டே. கிட்டங்கி என்றால் குடோன். எங்கேயோ ஒரு பழைய கிட்டங்கியைப் பிரித்தபோது, ஊர்க்காரர்கள் விலை பேசி ஓடுகளை வாங்கி, வைக்கோல் பொத்தி, மாட்டு வண்டியில் ஏற்றி வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து ஓடு செகண்ட் ஹேண்ட்!

எச்.எம். அனுமதியோடு கீழே கிடந்த மற்ற ஓடுகளையும் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில் ஓர் அச்சு, இன்னொன்றில் வேறோர் அச்சு. இரண்டு மூன்று கம்பெனிகளின் ஓடுகள் ஒரே கூரையில் கலந்து கிடந்தன. ஆச்சி சொன்னது சரிதான். கிடைத்த இடத்திலெல்லாம் வாங்கிச் சேர்த்த கூரை அது.

"காமராசர் சோறு வந்த பொறவு, என் கல்யாணத்துக்கு முன்ன"

சரி, கட்டடம் எந்த வருஷம்? ஆச்சிக்கு வருஷம் தெரியாது. ஆனால், அவரிடம் வேறு கணக்கு இருந்தது. "காமராசர் சோறு வந்த பொறவு, என் கல்யாணத்துக்கு முன்ன. அப்ப நான் அஞ்சாப்பு."

காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது 1956-ல், எங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் இல்லாத எட்டயபுரத்தில். அதற்குப் பிறகு, ஆச்சி ஐந்தாம் வகுப்பு படித்த காலம் என்றால் 1950-களின் கடைசி.

அந்தக் காலத்தை இன்னொரு பக்கமும் உறுதிசெய்கிறது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு, காமராஜரின் ஆதரவோடு `பள்ளிச் சீரமைப்பு மாநாடு'களை 1958-ல் தொடங்கினார். யோசனை எளிமையானது. பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஆசிரியரும் ஊராரும் உட்கார்ந்து பட்டியல் போடவேண்டும். கரும்பலகை, பெஞ்ச், குடிநீர்ப் பானை, கடிகாரம், சுற்றுச்சுவர், இடம், கட்டடம். முடிந்தவர் முடிந்ததைக் கொடுக்கவேண்டும். பணம் இல்லாதவர் உழைப்பைக் கொடுக்கலாம். மாநாட்டில் ஒவ்வோர் ஊரும் தான் செய்ததை மேடையேறிச் சொல்லும். பக்கத்து ஊர் செய்ததைக் கேட்ட ஊர் சும்மா இருக்குமா?

எங்கள் ஊரும் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. பிள்ளைகள் காலையில் பள்ளிக்கு வரும்போது ஓடையிலிருந்து ஆளுக்கொரு ஓலைப் பெட்டி மணல் கொண்டுவரவேண்டும் என்று ஏற்பாடு. "பெட்டி நிறையலைன்னா வாத்தியார் திரும்ப அனுப்பிருவாரு" என்று சிரிக்கிறார் ஆச்சி. ஆண்கள் பனை வெட்டினார்கள். பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள்.

பள்ளிப் பெயர்ப் பலகையில் `ஊராட்சி ஒன்றிய' என்று இருக்கிறது அல்லவா? அதுவும் ஒரு துப்புதான். ஊராட்சி ஒன்றியங்கள் உருவானது 1960-ஐ ஒட்டி. அதற்கு முன்னால் இந்தப் பள்ளி `போர்டு ஸ்கூல்'. இன்றும் ஊரில் பெரியவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அதாவது, பள்ளிக்கூடம் கட்டடத்தைவிடப் பழையது.

கட்டடத்துக்குள் ஒரு சுற்று

கையில் டேப்போடு உள்ளே போனேன். எச்.எம். தலையில் ஹெல்மெட் மாட்டிவிட்டார். பைக் ஹெல்மெட்தான்!

ஒரே நீளமான கூடம். அறைகள் இல்லை. நடுவே தட்டி வைத்து மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தார்களாம். ஒன்றாம் வகுப்பு `அ, ஆ' சொன்னால் மூன்றாம் வகுப்புக்கும் கேட்கும். நான்காம் வாய்ப்பாட்டை இரண்டாம் வகுப்பிலேயே காதால் படித்துவிட்டதாக அம்மா பெருமை அடிப்பது இதனால்தான்.

கூடத்தின் நீளம் கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகலான இரண்டு பக்கவாட்டுச் சுவர்களில்தான் அறையும். அந்தச் சுவர்கள் மேலே முக்கோணமாக உயர்ந்து கூரையைத் தாங்குகின்றன. அவற்றில் ஜன்னல் இல்லை. உச்சியில் மட்டும் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, காற்றுக்கு வழி வைத்திருக்கிறார்கள்.

தெற்குப் பக்கம் முழுக்க தாழ்வாரம். கூரை அங்கே ஆளுயரத்துக்கு இறங்கி வருவதால், உச்சி வெயிலிலும் கூடத்துக்குள் நேரடி வெயில் விழாது. தாழ்வாரத்துக்கு இடுப்பளவு அரைச்சுவர். மதியச் சாப்பாடு அங்கேதான்.

சுவர் ஒன்றரை அடி கனம். செங்கல்லும் சுண்ணாம்பும். கடலோரம் என்பதால் எங்கள் பக்கத்தில் சிப்பியைச் சுட்டு எடுக்கும் சுண்ணாம்பு தாராளம். கனமான சுவர் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் சுவர் சுடத் தொடங்கும்!

அண்ணாந்து பார்த்தால் கூரையின் எலும்புக்கூடு தெரிகிறது. உச்சியில் முகட்டு வளை. அதிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கும் பனங்கைகள். அவற்றின் குறுக்கே வரிசையாகச் சட்டங்கள். சட்டத்தில் மாட்டிய ஓடுகள். பனைமரத்தின் உள்பகுதி சோறு மாதிரி மென்மையாக இருக்கும். வெளிப்பகுதிதான் கறுத்து, வைரம் பாய்ந்து இரும்பாக இருக்கும். வயதான மரத்தை வெட்டி, உள்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, வைரத்தை மட்டும் கையாக எடுப்பார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பெரும்பாலான கைகள் அப்படியே நிற்கின்றன. கரையான் தின்றது பின்னாளில் பழுது பார்த்தபோது வைத்த வேறு மரங்களைத்தான்.

சீமை ஓட்டின் சூட்சுமம் அதன் விளிம்பில் இருக்கிறது. பழைய நாட்டு ஓடு, குயவர் சக்கரத்தில் குழாயாகச் சுற்றி, இரண்டாகப் பிளந்து சுட்டது. அதை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கவேண்டும். கனம் அதிகம். அடிக்கடி பிரித்து மாற்றி அடுக்கவேண்டும். சீமை ஓட்டில் பள்ளமும் மேடும் இருக்கும். ஒன்றின் மேடு அடுத்ததன் பள்ளத்தில் போய்ப் பூட்டிக்கொள்ளும். ஓர் அடுக்கே போதும். மரமும் குறைவாகப் போதும். பணம் குறைந்த ஊருக்குப் பெரிய கூடம் கிடைத்தது இந்தப் பூட்டால்தான்.

பூட்டினாலும் ஓடுகளுக்கிடையே மெல்லிய இடைவெளி இருக்கும். மேலே ஏறும் சூடான காற்று அதன் வழியே வெளியேறிவிடும். ஃபேன் இல்லாமல், கரன்ட் இல்லாமல் இத்தனை பிள்ளைகள் உட்கார்ந்து படித்த ரகசியம் இதுதான். வெளிச்சத்துக்குக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள். அதன் வழியே விழும் வெயில்வட்டம் தரையில் நகர்வதைப் பார்த்து மணி சொல்வார்களாம். சுவரில் சிமென்ட் பூசிய கரும்பலகை. கரியையும் ஊமத்தை இலையையும் அரைத்து அதில் பூசுவது நான்காம் வகுப்பின் வேலை. மணிக்குப் பதில், கம்பியில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. இன்னும் தொங்குகிறது. தட்டிப் பார்த்தேன். வேப்ப மரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன.

அதற்கு முன்னால் எங்கே படித்தார்கள்?

ஆச்சியின் தாத்தாவும் எழுதப் படிக்கத் தெரிந்தவர். அவர் படித்தது ஒரு வீட்டுத் திண்ணையில். தெருவைப் பார்த்த உயரமான திண்ணை, நான்கு மரத்தூண், மேலே சரிந்த கூரை. பள்ளிக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. திண்ணைதான் வகுப்பறை. `அண்ணாவி' என்று அழைக்கப்பட்ட வாத்தியார் தூணில் சாய்ந்திருப்பார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவார்கள். கை பழகியதும் ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடியை ஒருவன் சொல்ல, மற்றவர்கள் கூடவே சொல்வார்கள். அண்ணாவி இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளை ராஜ்ஜியம். அமாவாசை, பௌர்ணமி விடுமுறை.

இந்தத் திண்ணைகள் எத்தனை இருந்தன என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-ல் எல்லா கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்கு கேட்டார். 1826-ல் அவர் தொகுத்த விவரப்படி, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள். 1,88,650 மாணவர்கள். நம் நாட்டுப் பாரம்பரியக் கல்வி பற்றிப் பேசும் எல்லோரும் பெருமையாக எடுத்துக்காட்டும் கணக்கு இது.

அதே கணக்கில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. அந்த 1,88,650 பேரில் பெண் குழந்தைகள் வெறும் 4,540.

திண்ணையின் புகழ் கடல் தாண்டியும் போனது. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தன் விடுதியில் நடத்திப் பார்த்து, 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். `மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் உருவான பள்ளியின் பெயர் இன்றும் `மெட்ராஸ் காலேஜ்'தான்!

சட்டாம்பிள்ளை ஸ்காட்லாந்துவரை போய்விட்டார். ஆனால், எங்கள் ஊர் வடக்குத் தெருப் பிள்ளைகளால் அந்தத் திண்ணையில் ஏற முடியவில்லை. திண்ணை என்பது ஒரு வீட்டின் பகுதி. வீட்டுக்குள் யாரைச் சேர்க்க மாட்டார்களோ, அவர்களுக்குத் திண்ணையும் இல்லை.

வேப்ப மரத்தடியில் ஒரு வகுப்பு

திண்ணைக்கும் ஓட்டுக் கட்டடத்துக்கும் நடுவே, இதே இடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. போர்டு ஸ்கூல். அதில்தான் ஆச்சி ஒன்றாம் வகுப்பு சேர்ந்தார்.

"கொட்டாய்ல எல்லாரும் உக்காருவீங்களா ஆச்சி?"

ஆச்சி உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "வடக்குத் தெருப் பிள்ளைய வேப்ப மரத்தடில உக்காரும்" என்றார். "நாங்க யாரும் ஒண்ணும் கேக்கல. அப்பிடித்தான்னு நெனச்சோம்."

அது நாடு சுதந்திரம் பெற்ற பிறகு. தீண்டாமை குற்றம் என்று 1950-ல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு. பொதுப் பள்ளியில் எல்லோரையும் சேர்க்கவேண்டும் என்ற ஆணைகள் அதற்கும் வெகு காலம் முன்பே இருந்தன. பதிவேட்டில் பெயர் இருக்கும். உடம்பு மரத்தடியில் இருக்கும்.

அந்த மரத்தடியில் உட்கார்ந்த ஒருவர் ஊரில் இன்னும் இருக்கிறார் என்று ஆச்சியே சொல்லி, என்னை அனுப்பிவைத்தார். ஆச்சியோடு ஒரே வருஷம் படித்தவர். அவர் கேட்டுக்கொண்டதால் அவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் நான் எழுதவில்லை.

தாத்தா நாற்காலி எடுத்துப் போட்டார். மழை வந்தால் கொட்டகைப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும், மரத்தடிப் பிள்ளைகளுக்கு லீவு என்றார். "எங்களுக்கு மழைன்னா சந்தோசம்தான். அந்த வயசுல வேற என்ன தெரியும்?"

அப்புறம் கட்டட வேலை தொடங்கியது. மண் வெட்டவும், பனை சுமக்கவும், கல் இறக்கவும் ஆள் வேண்டும். வடக்குத் தெருவிலிருந்தும் வந்தார்கள். தாத்தாவும் பெட்டியில் மணல் சுமந்திருக்கிறார். "இந்தச் செவுத்துல நான் கொண்டாந்த மண்ணும் இருக்கு. அதுக்கப்பறம் உள்ள வராதேன்னு எப்பிடிச் சொல்லுவாவ?"

ஆனால், சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். கட்டடம் திறந்த புதிதில் பழையபடி தனியாக உட்காரவைக்கச் சிலர் பேசினார்களாம். அப்போது வெளியூரிலிருந்து வந்திருந்த வாத்தியார் ஒரு காரியம் செய்தார். எல்லாப் பிள்ளைகளையும் தாழ்வாரத்தில் நிற்கவைத்து, உயர வரிசைப்படி பிரித்து, குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால் என்று உட்காரவைத்துவிட்டார். காரணம் கேட்டவர்களிடம், பலகை மறைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாராம்.

தாத்தா அப்போது குட்டை. முதல் வரிசை. மதியச் சாப்பாட்டுக்கும் அதே வரிசைதான். "மொத மழை பெய்யும்போது ஓட்டுல சத்தம் கேட்டுது. நாங்க நனையல." இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

எனக்கு அப்போது வாட்ஸ்அப் குரூப் நினைவுக்கு வந்தது. `1865 முதல்' என்று நாம் பெருமை பேசினால், அந்த மரத்தடியை அழித்துவிடுகிறோம். எங்கள் கட்டடத்துக்கு நூற்றி அறுபது வயசு இல்லை. ஆனால், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் முதல்முறையாக ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தது இங்கேதான். அந்த வருஷத்தை எந்தக் கம்பெனியும் ஓட்டில் அச்சிடாது.

அப்படியானால் இடிக்கலாமா?

இந்தக் கேள்விக்கு உணர்ச்சிவசப்பட்டுப் பதில் சொல்ல முடியாது.

2004 ஜூலை 16, கும்பகோணம். மதிய உணவு சமைக்க மூட்டிய நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியதில் 94 குழந்தைகள் கருகி இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரை ஒழிந்தது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு வந்தது அதற்குப் பிறகு.

எங்கள் பள்ளியில் பனங்கை உறுதியாக இருக்கிறது. ஆனால், பழுது பார்த்த இடங்களில் கரையான் ஏறி, முகடு ஒரு பக்கம் தொய்ந்துவிட்டது. மேற்குச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். ஓட்டுக் கூரையை வருஷாவருஷம் பார்க்கவேண்டும். மழைக்கு முன் ஓடு மாற்றி, சட்டம் மாற்றி, முகட்டுப் பூச்சை அடைக்கவேண்டும். பல வருஷங்களாக யாரும் ஏறவில்லை. நல்ல கட்டடம் கெட்டது வயதால் அல்ல, கவனிப்பு இல்லாததால்.

பழைய கட்டடங்கள் எல்லாவற்றையும் இடித்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. சுவரும் அடித்தளமும் நன்றாக இருந்தால், கூரையை மட்டும் பிரித்து மரம் மாற்றி மீண்டும் வேயலாம். அதைப் பொறியாளர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். வாட்ஸ்அப் குரூப் அல்ல.

தாத்தாவிடமும் கேட்டேன். அழுவார் என்று நினைத்தேன். "இடிக்கட்டும். பிள்ளைய தலைல விழக் கூடாதுல்லா" என்றார். "புதுசுலயும் எல்லாரும் ஒண்ணாத்தான உக்காருதாவ?"

"ஆமா தாத்தா."

"அப்ப சரி."

உங்கள் ஊர்ப் பள்ளியும் இடிப்புப் பட்டியலில் இருக்கிறதா?

கட்டடம் போவதற்கு முன் நீங்கள் செய்யக்கூடியவை இவை. போன் ஒன்று போதும்.

* போட்டோ எடுங்கள்: முகப்பு மட்டும் போதாது. கூரையின் உள்பக்கம், தூண், ஜன்னல், கரும்பலகை, கல்வெட்டு, ஓட்டின் அடியில் உள்ள அச்சு எல்லாம் வேண்டும். உள்ளே போக எச்.எம். அனுமதி அவசியம். பாதுகாப்பில்லை என்று சொன்னால் வெளியிலிருந்தே எடுங்கள்.
* அளந்து வரையுங்கள்: நீளம், அகலம், சுவரின் கனம், ஜன்னல்களின் எண்ணிக்கை. ஒரு நோட்டுத் தாள் வரைபடம் போதும்.
* பதிவேடுகளைப் பாதுகாக்கச் சொல்லுங்கள்: பழைய சேர்க்கைப் பதிவேடுதான் பள்ளியின் உண்மையான பிறப்புச் சான்றிதழ். கரையானுக்கும் ஈரத்துக்கும் முதலில் பலியாவதும் அதுவே. புதிய கட்டடத்துக்கு அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள்.
* பெரியவர்களைப் பேசவையுங்கள்: வருஷம் கேட்காதீர்கள், சொல்லத் தெரியாது. `கல்யாணத்துக்கு முன்னயா, பின்னயா?', `கரன்ட் வந்த பிறகா?' என்று கேளுங்கள். பேச்சை போனில் பதிவு செய்யுங்கள்.
* எல்லாத் தெருவிலும் கேளுங்கள்: ஒரு தெருவில் மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். நான் ஆச்சியோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் பாதிதான் கிடைத்திருக்கும்.

குரூப்பில் போட்ட பதிவு

சென்னை திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து குரூப்பில் எழுதினேன். 1865 என்பது ஓட்டுக் கம்பெனியின் வருஷம் என்றும், நம் கட்டடம் காமராஜர் காலத்தில் ஊரே சேர்ந்து கட்டியது என்றும், கிட்டங்கி ஓடு, ஓலைப் பெட்டி மணல், வேப்ப மரத்தடி, உயர வரிசை என்று எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்.

எல்லா டிக்கும் நீலமாயின. வெகு நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. வடக்குத் தெருவிலிருந்து போய் இப்போது கோவையில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன். `எங்க அப்பா அந்த மரத்தடியில இருந்தவரு. எங்ககிட்ட ஒரு நாளும் சொன்னது இல்ல' என்றார். அவ்வளவுதான்.

கீழே விழுந்த அந்த ஓட்டை என்ன செய்வது என்று எச்.எம். யோசித்துக்கொண்டிருந்தார். கூரையில் இருக்கும் ஓடும் மரமும் ஏலத்துக்குப் போகும். இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்றார். கடைசியில் அதைப் புதிய கட்டடத்தில், பிள்ளைகள் பார்க்கும்படி மாட்டிவைக்க அனுமதி கேட்டு எழுதப்போவதாகச் சொன்னார். அதற்குக் கீழே ஒட்ட நாலு வரி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்.

எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன் ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"மண்ணு சுமந்ததுல அவுக தெருவ மொதல்ல போடுட்டி."